சுதந்திராக் கட்சியின் 21-ஆவது கொள்கை



அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 2015-இல் குடியரசுக் கட்சியினர் சிலர் 'ஃப்ரீடம் காக்கஸ்' என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அரசின் செலவும் அதிகாரமும் குறைய வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. சொந்தக் கட்சித் தலைமையோடே மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் கொடுத்த நெருக்கடியில் அதே ஆண்டு சபாநாயகர் ஜான் பேனர் பதவி விலகினார். அவர்களுடைய கொள்கைகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நம் மக்களவையில் ஆளும் கட்சிக்குள் அப்படி ஒரு குழு நிலைக்கவே முடியாது என்பது என்னை உறுத்துகிறது. அதனால்தான், உறுப்பினரின் மனச்சாட்சிக்கு இடம் கொடுத்த, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியைப் பற்றி இன்று பேச வந்தேன்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுக் கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்து, அந்த ஆண்டு ஜூன் மாதமே சென்னையில் இந்தப் புதுக்கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. விவசாயிகள் சங்கத் தலைவராக வளர்ந்த என்.ஜி. ரங்கா கட்சித் தலைவரானார். மினூ மசானி பொதுச் செயலாளர். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று ராஜாஜி வைத்த பெயர் நாடெங்கும் ஒட்டிக்கொண்டது.

நம் திருச்சி மாவட்டத்துக்கு ராஜாஜி அந்நியர் அல்லர். 1930 ஏப்ரலில் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் புறப்பட்டது திருச்சியிலிருந்துதான். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். அதே ஆண்டு தஞ்சைப் பண்ணையாள்களையும் குத்தகைதாரர்களையும் நிலத்தை விட்டு வெளியேற்றாமல் காக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. மிராசுதாரர்களின் ஆள் என்று அவரை ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைக்க வேண்டும்.

நம் முசிறி உழவருக்கு இந்தக் கட்சி நெருங்கி வந்த இடம் பதினேழாம் அரசியல் சட்டத் திருத்தம். ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்த 1961-ஆம் ஆண்டுச் சென்னை மாநிலச் சட்டத்தை, 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அடுத்த சில மாதங்களில், நம் ஊர் ரயத்வாரிப் பட்டா நிலத்தையும் 'எஸ்டேட்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, 44 சட்டங்களை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்கும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து, நாடாளுமன்றம் திருத்தம் செய்தது. ஜமீனுக்கு எழுதிய சட்டப்பிரிவு, வாய்க்கால் ஓரத்தில் தானே ஏர் பிடித்தவன் நிலத்தின் மீதும் பாய்ந்தது. ரங்காவும் ராஜாஜியும் இதை முழு மூச்சாக எதிர்த்தார்கள், தோற்றார்கள். ஆயினும், உச்சவரம்புக்கு உட்பட்ட, சொந்தமாகப் பயிரிடும் நிலத்தை அரசு எடுத்தால் சந்தை விலைக்குக் குறையாமல் ஈடு தர வேண்டும் என்ற பாதுகாப்பு அதே திருத்தத்தில் இருக்கிறது. அவைக்கு உள்ளும் வெளியும் எழுந்த அந்தக் குரலுக்கு இதில் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

1962-இல் மக்களவையில் 18 இடங்கள். 1967-இல் 44, எதிர்க்கட்சிகளில் அதுவே பெரியது. ஆனால் பத்தில் ஒரு பங்கு எட்டாததால், அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர் பதவி கட்சிக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் தமிழகத்தில் அண்ணாவோடு கூட்டணி. சட்டமன்றத்தில் 20 இடங்கள் கிடைத்தன. 1971-இல் மக்களவையில் எட்டுக்குச் சரிந்தது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

சரிவுக்கு இந்திரா அலையை மட்டும் காரணம் காட்டுவது நேர்மையாகாது. சிறு பட்டாதாரருக்காகப் பேசிய கட்சி, வாக்குக்கு ஜெய்ப்பூர் அரண்மனையையும் ஒடிசா, பீகார் மன்னர்களையும் நம்பியது. நிலமே இல்லாதவருக்குச் சொத்துரிமை என்ன தரும் என்ற கேள்விக்கு அது தந்த விடை போதவில்லை. வாரத்துக்கு உழுதவரும் கூலிக்கு நாற்று நட்டவரும் அந்த மேடையை நோக்கி வராததில் வியப்பில்லை.

இருந்தும் அக்கட்சியின் 21 அடிப்படைக் கொள்கைகளில் கடைசியானதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த அடிப்படைகளுக்குள் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தம் மனத்துக்குப் பட்டபடி பேசலாம், வாக்களிக்கலாம் என்றது அது. தன் உறுப்பினரின் மனச்சாட்சிக்கு எழுத்தில் இடம் கொடுத்த கட்சி வேறொன்றை நம் நாட்டில் நான் அறியேன்.

மனச்சாட்சிக்குத் திறந்த அந்த வாசல் பிறகு இரண்டு முறை அடைபட்டது. 1985-இல் 52-ஆம் திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்கப் பத்தாம் அட்டவணையைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது, தாவல் அன்று நாட்டையே நாறடித்தது. ஆனால் கொறடாவின் உத்தரவை மீறி ஒரு மசோதாவுக்கு எதிராக வாக்களித்தாலே பதவி போகலாம் என்றானபின், காவிரியைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ தொகுதிக்காரர் சொல்வதை உறுப்பினர் எப்படி வாக்காக்குவார்? 1989-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு கேட்கும் கட்சி சோசலிசத்துக்கு விசுவாசம் தெரிவிக்க வேண்டும் என்றது. ராஜாஜி இன்று வந்தால், பொய்யாகக் கையெழுத்திடாமல் தம் கட்சியைப் பதிவு செய்ய முடியாது. சோசலிசத்தை ஏற்பவர்களும் இதை ஏற்கக் கூடாது.

1990-இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு ஒரு வழி சொன்னது: வாக்களிப்புக்காகப் பதவி பறிப்பதை, நம்பிக்கைத் தீர்மானம் போன்று ஆட்சியின் உயிரைத் தொடும் வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று. பரிந்துரை ஏட்டிலேயே கிடக்கிறது. அடுத்த முறை உங்களிடம் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்தப் பரிந்துரையை ஆதரிப்பாரா என்று கேளுங்கள்.