நஞ்சும் நயன்மையும்



குப்பைக்குக் கண்ணில்லை, ஆனால், குப்பையைக் கொட்டும் கைக்குக் கண்ணுண்டு. செல்வர் தெருவைக் கண்டால் அக்கை விலகும். எளியோர் தெருவைக் கண்டால் இறங்கும். எளியோர் இதனைச் சொன்னபோது உலகம் அதை வெறும் புலம்பலென்றே ஒதுக்கிற்று. அப்புலம்பலைக் கணக்காக்கி, கணக்கைச் சான்றாக்கி, சான்றைப் பல்கலைக்கழகத்து முதுகலைப் பாடமாகவே ஆக்கிய வரலாறு அமெரிக்க நாட்டில் உண்டு. அக்கல்வியின் பெயர் சூழல் நயன்மை.

1979-ஆம் ஆண்டு தெக்சாசு மாநிலத்து ஊசுட்டன் நகரில், கருப்பின மக்கள் தமக்கென வீடு வாங்கி வாழ்ந்த ஒரு பகுதியில், பள்ளிகளுக்கு அண்மையிலேயே குப்பைக் கிடங்கு அமைக்க இசைவு தரப்பட்டது. மக்கள் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்காக வழக்காடியவர் இலிண்டா மெக்கீவர் புல்லார்டு. அவர் தம் கணவரும் குமுகவியல் ஆசிரியருமான இராபர்ட்டு புல்லார்டிடம் சான்று திரட்டித் தருமாறு வேண்டினார். ஆசிரியர் தம் மாணவரைத் துணைக்கொண்டார். நகரின் குப்பைக் கிடங்குகள் எங்கெங்கு உள்ளன, அங்கங்கு வாழ்வோர் யாவர் என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தனர்.

கண்டது என்ன? நகராட்சியின் குப்பைக் கிடங்குகள் ஐந்து; ஐந்தும் கருப்பினத்தார் வாழ்பகுதிகளில்! குப்பை எரிக்கும் உலைகள் எட்டு. அவற்றுள் ஆறு அவர்தம் பகுதிகளில்! தனியார் கிடங்குகள் நான்கனுள் மூன்றும் அங்கேயே! நகர மக்களுள் அவர்களோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே.

ஆயினும் நயன்மன்றம் என் செய்தது? வேண்டுமென்றே இனவேற்றுமை காட்டப்பட்டது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறியது. 1985-இல் வழக்கு முற்றிலும் தோற்றது. வழக்குத் தோற்றது, கணக்குத் தோற்கவில்லை! அக்கணக்கின் வழியே பிற ஊர்களும் தத்தம் நிலையை அளந்தறியத் தொடங்கின. 1990-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பன்யன் பிரையண்ட்டும் பால் மொகாயும் இனத்தையும் சூழற்கேட்டையும் பற்றிய ஆய்வாளர் மாநாட்டைக் கூட்டினர். 1992-இல் அப்பல்கலைக்கழகத்திலேயே சூழல் நயன்மை ஒரு பட்டக் கல்விப் பிரிவாயிற்று.

மொழிப்பற்றுடையோர் சிறப்பாகக் கருதத்தக்க வழக்கொன்றும் உண்டு. கலிபோர்னியாவில் கெட்டில்மன் நகரம் என்பது உழவுத் தொழிலாளர் வாழும் சிற்றூர். அங்கு வாழ்வோருட் பெரும்பாலார் இசுபானிய மொழியினர். அவ்வூருக்கு அருகே நச்சுக்கழிவு எரியுலை அமைக்க ஒரு நிறுவனம் முனைந்தது. அதன் விளைவுகளை விளக்கும் அறிக்கை ஏறத்தாழ ஆயிரம் பக்கம், அத்தனையும் ஆங்கிலம்! மூச்சுக் காற்று மக்களுடையது. அக்காற்றைப் பற்றிய எழுத்தோ அவர்கட்கு விளங்காதது! மக்கள் வழக்காடினர். இசுபானிய மொழியில் பெயர்த்துத் தராமையால் மக்களின் பங்கேற்பே தடைப்பட்டது என்று 1991-ஆம் ஆண்டின் இறுதியில் நயன்மன்றம் தீர்ப்பளித்தது. 1993-இல் அந்நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டது. தாய்மொழி உரிமை என்பது ஏட்டுரிமை மட்டுமன்று. உயிருரிமை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1994-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன், அரசுத் துறைகள் யாவும் சூழல் நயன்மையைக் கருத்திற்கொள்ள வேண்டுமென ஆணையிட்டார். 2025 சனவரியில் அவ்வாணை நீக்கப்பட்டது. ஒரு கையெழுத்து ஈந்ததை மற்றொரு கையெழுத்துப் பறித்தது. ஆள்வோர் அருளால் வரும் உரிமை, ஆள்வோர் மாறின் அகலும். மக்கள் தாமே கற்றுத் தாமே திரட்டிய அறிவை மட்டும் எவ்வாணையும் நீக்கவியலாது.

எனவே, இக்கல்வியைப் பயில்வோர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. எவர் துன்பத்தை ஆய்ந்து பட்டம் பெற்றனரோ, அவரிடமே அவ்வாய்வைத் திருப்பி ஒப்படைத்தல் ஒன்று. அவர்தம் மொழியிலேயே அதனை ஒப்படைத்தல் மற்றொன்று. முதலாவதைச் செய்யாத ஆய்வு களவு. இரண்டாவதைச் செய்யாத ஆய்வு, பூட்டிய வீட்டுள் ஏற்றிய விளக்கு!