கண்காணா நாணயமும் கணக்கேடும்

(பெரியபாளையத்தில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம் குடும்பங்களில் முதியோர் பலர் பெயரளவில் மட்டுமே கேட்டிருக்கக்கூடியதும், இளைஞர் சிலர் தம் கைப்பேசியில் ஓசையின்றி நடத்திவருவதுமான கிரிப்டோ நாணய விவகாரமாகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்கண்டிகையிலும் உழைத்துச் சம்பாதிக்கும் பிள்ளைகளில், மாதந்தோறும் ஐந்நூறும் ஆயிரமுமாக இதில் போடுகிறவர்கள் உண்டு. இதைச் சூதாட்டம் என்று வெறுப்பாரும் உளர். எதிர்காலத்தின் பொன் என்று புகழ்வாரும் உளர். வாங்குக என்று சொல்லவோ, விற்றுவிடுக என்று சொல்லவோ யான் இங்கு வரவில்லை. வாங்கினவர் அதன் கணக்கைத் தம் கையில் வைத்திருக்கிறாரா என்பதொன்றே என் கேள்வி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆரணியாற்றங்கரையில் நின்றுகொண்டு அதனை நினைப்பூட்டுவது பொருத்தமேயன்றோ?

நம் நாட்டு வணிகர் அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி, அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, ஆண்டிறுதியில் ஐந்தொகை போட்டனர். ஏடு அவர்களிடமே இருந்தது. இக்காலத்து இளைஞரோ, பணத்தை ஒரு கம்பெனியிடம் கொடுத்து, ஏட்டையும் அந்தக் கம்பெனியையே எழுதச் சொல்லிவிட்டுத் தூங்குகின்றனர்.

இது விளங்கவேண்டுமானால், இந்நாணயத்தின் தன்மையைச் சிறிது அறிதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி தொடங்கிய பிட்காயின் முதல், இவ்வகை நாணயங்களில் பெரும்பாலானவை பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் எழுதப்படுகின்றன. வாலட் என்று நாம் சொல்லும் பைக்குள் உண்மையில் நாணயம் ஒன்றுமில்லை. அப்பேரேட்டிலுள்ள இருப்பை நகர்த்தும் திறவுகோல் மட்டுமே அதிலுண்டு. பேரேடு உலகத்தார் அனைவரும் பார்க்கக் கூடியது. எவராலும் அழிக்க இயலாதது. ஆனால் எக்ஸ்சேஞ்சு எனப்படும் வாங்கி விற்கும் மேடையில் கணக்கு வைத்திருப்பவரின் கதை வேறு. அங்கே நீங்கள் வாங்கியதும் விற்றதும் பொதுப் பேரேட்டில் ஏறுவதில்லை. அக்கம்பெனியின் சொந்த ஏட்டில்தான் ஏறுகின்றன. கம்பெனி கதவடைத்தால் ஏடும் உள்ளேயே அடைபடும்.

அவ்விதம் நேர்ந்ததுண்டா என்று கேட்பீர்கள். ஜப்பான் தேசத்து டோக்கியோ நகரில் மவுண்ட் காக்ஸ் என்ற மேடை 2014 பிப்ரவரியில் மூடப்பட்டபோது, 8,50,000 பிட்காயின்கள் காணாமற் போனதாகத் தெரிவித்தது. பங்கு கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு நாணயங்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலை 2024 ஜூலையில்தான் தொடங்கிற்று. பத்தாண்டுகளுக்கு முன் தனக்கு எவ்வளவு இருந்தது என்று சொல்ல, அத்தனை காலமும் ஏட்டைக் காத்தவனால் அன்றோ முடியும்!

நம் தேசத்திலேயே வாசிர்எக்ஸ் மேடையிலிருந்து 2024 ஜூலை 18ஆம் தேதி சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவுபோயின. அதில் கணக்கு வைத்திருந்தோர் தம் இருப்பை எடுக்க முடியாமல் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தார். 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் செலுத்தி 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் வாங்கினவர் அவர். களவுபோனவை வேறு வகை நாணயங்கள். தம்முடையவை அல்ல என்பது அவர் வாதம். 2025 அக்டோபர் 25ஆம் தேதி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் அளித்த உத்தரவில், கிரிப்டோ நாணயம் கையால் தொடத்தக்க பொருளன்று, செலாவணிப் பணமுமன்று, ஆயினும் அது அனுபவிக்கவும் உடைமையாகக் கொள்ளவும் தக்க சொத்தே என்று கூறப்பட்டது. மத்தியஸ்தம் முடியும்வரை அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. இவ்வழக்கில் என் கருத்தைக் கவர்ந்தது மற்றொன்று. எந்த மாதம், எத்தனை ரூபாய், எத்தனை நாணயம், அதுவும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை என்று அவரால் சொல்ல முடிந்தது. பணம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து சென்றது என்பதும் நம் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு ஓர் ஆதாரமாயிற்று. சொத்து என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட பின், அச்சொத்துக்குப் பத்திரம் எங்கே என்ற கேள்வி எழாதோ? நம்மவர் கையிலுள்ள பத்திரம் இக்கணக்கேடு ஒன்றே.

இனி வரியைப் பற்றி. 2022 ஏப்ரல் 1 முதல் இந்நாணய லாபத்துக்கு 30 சதவிகித வரி விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவிகிதம் முன்பிடித்தமும் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் அம்முறையே வைக்கப்பட்டது. வாங்கின விலையைத் தவிர வேறு எச்செலவையும் கழிக்க இடமில்லை. ஒரு நாணயத்தில் 10,000 ரூபாய் லாபமும் மற்றொன்றில் 10,000 ரூபாய் நஷ்டமும் கண்டவன், கையில் ஒன்றும் மிஞ்சாமலிருந்தும் 3,000 ரூபாய் வரி கட்டவேண்டும். இது கடுமையான விதி என்பது என் அபிப்பிராயம். ஆயினும் விதி விதியே. ஆகையால் ஒவ்வொரு விற்பனையும் தனித்தனி வரியாக ஏட்டில் இருத்தல் அவசியமாகிறது.

இங்கேதான் நம் பிள்ளைகள் இடறுகின்றனர். ஓர் இளைஞன் 40,000 ரூபாய்க்கு ஒரு மேடையில் நாணயம் வாங்கித் தன் சொந்த வாலட்டுக்கு மாற்றி, சில மாதம் கழித்து வேறொரு மேடைக்கு அனுப்பி 52,000 ரூபாய்க்கு விற்றான் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 12,000, செஸ் நீங்கலாக வரி 3,600. விற்ற மேடையின் ஏட்டிலோ 52,000 வந்தது மட்டும் இருக்கும்; வாங்கின விலை அதற்குத் தெரியாது. முதல் மேடை இதற்குள் மூடப்பட்டு, வாங்கினதற்குச் சான்று இல்லாமற் போனால், முழுத் தொகையையும் லாபமாகக் கொண்டு 15,600 ரூபாய் கேட்க இடமுண்டு. அதிகப்படியான 12,000 ரூபாய் அவன் சம்பாதித்த லாபத்துக்குச் சரியாக இருப்பதைக் காண்க. ஒரு சிறு கோப்பை உரிய காலத்தில் இறக்கி வைக்காததற்கு இது கூலி!

இறக்கி வைப்பது கடினமன்று. மேடைகளில் பெரும்பாலும் பரிவர்த்தனை வரலாறு என்ற பகுதியில் தேதி வரம்பைக் குறித்துக் கேட்டால், சி.எஸ்.வி. கோப்பு ஒன்று வரும். எக்செல் முதலிய விரிதாள்களில் அது திறக்கும். சொந்த வாலட்டாயின், எலக்ட்ரம் போன்றவற்றில் வரலாற்றுப் பகுதியிலேயே அவ்வசதியுண்டு. ஈத்தர் நாணயத்துக்கு ஈத்தர்ஸ்கேன் தளத்தில் வாலட்டின் முகவரியை இட்டால் போதும். ஆனால் அத்தளம் ஒரு முறைக்கு 5,000 வரிகளே தரும். சாதாரண அனுப்பல், உட்பரிவர்த்தனை, டோக்கன் நகர்வு ஆகியவற்றுக்கு வெவ்வேறு கோப்புகள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு முழுக் கணக்கும் கைக்கு வந்தது என்று எண்ணுவது பேரேட்டில் பாதியைக் கிழித்துவிட்டு ஐந்தொகை போடுவதற்கு ஒப்பாகும். தோல்வியுற்ற பரிவர்த்தனையும் அதில் வரியாக நிற்கும். நாணயம் நகர்ந்திராது, கட்டணம் மட்டும் போயிருக்கும். அன்றைய விலையும் இன்றைய விலையும் தனித்தனிப் பத்திகளாக வரும். அவசரத்தில் இன்றைய விலையை எடுத்து எழுதினால் கணக்கு முழுதும் பொய்யாகும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இக்கோப்புகளில் பெரும்பாலும் யூ.டி.சி. எனப்படும் சர்வதேச நேரமே எழுதப்பட்டிருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. மார்ச் 31ஆம் தேதி 18.30 மணி என்று கோப்பு சொல்லுமாயின், பெரியபாளையத்தில் அப்போது ஏப்ரல் 1 பிறந்துவிட்டது. வரியாண்டே மாறிவிடுகிறதன்றோ? நம் நேரத்துக்கென்று அருகே தனிப் பத்தி ஒன்று போட்டுக்கொள்வது நலம்.

எக்செல்லும் தன் விருப்பப்படி சில காரியம் செய்யும். பதினைந்து இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால் மிச்ச இலக்கங்களைச் சுழியாக்கிவிடும். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படித்துவிடுவதுமுண்டு. பரிவர்த்தனை எண் போன்றவற்றை எழுத்தாகவே கொள்ளும்படி சொல்லிக் கோப்பை உள்ளே எடுத்தல் வேண்டும். வந்த கோப்பைத் திருத்தாமல் மூலமாக வைத்து, பிரதி ஒன்றில் மட்டுமே வேலை செய்க. அப்பிரதியில் தன் வாலட்டிலிருந்து தன் வாலட்டுக்கே சென்றவற்றை, போன வரியையும் வந்த வரியையும் இணைத்துக் குறித்துவிட்டால், அவை விற்பனையென்று மயங்க இடமிராது. ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொன்று வாங்கியதோ, ரூபாய் கைக்கு வராவிடினும் விற்பனையே.

தாய்மார்களே! இனிச் சொல்வதை முக்கியமாக உங்களுக்கே சொல்கிறேன். கணக்கெடுத்துத் தருகிறோம், வரிக்கு உதவுகிறோம் என்று வருவோர் சிலர், வாலட்டின் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு இரகசியச் சொற்களைக் கேட்பார்கள். கணக்கெடுக்க அச்சொற்கள் வேண்டுவதேயில்லை. முகவரி போதும், மேடையாயின் பார்க்க மட்டும் அனுமதிக்கும் சாவி போதும். சொற்களைக் கேட்டவர் எவராயினும், உறவினரேயாயினும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். அச்சொற்கள் சென்ற கணத்தில் நாணயமும் சென்றுவிடும். திருப்பிக் கொடுக்க மேனேஜர் எவரும் அங்கில்லை.

அதே சமயத்தில், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருப்பதும் கேடே. நிலத்துக்குப் பட்டாவும் வங்கிக்குப் பாஸ்புக்கும் அலமாரியில் கிடக்கும்; இதற்கோ கைப்பேசியைத் தவிர அடையாளமில்லை. வைத்திருந்தவர் திடீரென மறைந்தால், அப்படியொரு சொத்து இருந்ததென்பதே மனைவி மக்களுக்குத் தெரியாது. ஆதலால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் வாரத்தில் கோப்பை இறக்கி, எந்த மேடை, எந்த வாலட், எவ்வளவு இருப்பு என்று முதற்பக்கத்தில் எழுதி அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல் வேண்டும். இரகசியச் சொற்களை அந்தத் தாளில் எழுதாதீர்கள். அவை வேறோரிடத்தில், கைப்பட எழுதிய காகிதத்தில், மூடிய உறையில் இருக்கட்டும். உறை எங்குள்ளது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

எக்செல் பழக்கமில்லாத அங்கத்தினர், கூட்டம் முடிந்ததும் கைப்பேசியுடன் முன் வரிசைக்கு வந்தால், நம் பிள்ளைகள் அவரவர் கோப்பை இறக்கிக் கொடுப்பார்கள்.