இமயத்துக்கும் குமரிக்கும் இடையே



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் 'நாடும் நிலமும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு பணித்தீர்கள். நான் புவியியல் அறிஞன் அல்லன். கவிதை எழுதிப் பழகுகிறவன். ஆகவே என் குறை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். வட்டம் தோன்றிய முதல் ஆண்டில், நம் கூட்டமொன்றில் நாட்டைப் பற்றி ஒரு பாட்டுப் படித்தேன். 'இமயம் முதல் குமரி வரை' என்பது அதில் மும்முறை வந்தது. கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் முடிந்தபின் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இமயத்தையும் சொன்னாய், குமரியையும் சொன்னாய், நடுவில் ஊர் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். அன்று விடையின்றி நாணி நின்றேன். இன்று விடைசொல்ல முயல்கிறேன்.

நிலத்தைப் பாடுவது நமக்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். எந்த நிலம், எந்தப் பொழுது என்று அறிந்த பின்னரே காதலும் பிரிவும் பேசினர் நம் முன்னோர். அந்தக் கண்ணை நாடு முழுவதன்மீதும் செலுத்தினால் என்ன தெரியும் என்பதே என் பேச்சு.

முதலில் மழை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையை அடைகிறது. அக்காற்றின் ஒரு கிளை வங்கக் கடல்வழிச் சென்று மேகாலயக் குன்றுகளில் மோதுகிறது. அங்கே மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அரபிக் கடலிலிருந்து எழும் கிளையோ இராசத்தானத்தில் ஆரவல்லி மலையைக் காண்கிறது. ஆனால் அம்மலை காற்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை. காற்றின் போக்கிலேயே நீண்டு கிடக்கிறது. தடுக்க ஆளில்லாத முகில் தன் வழியே போய்விடுகிறது. ஜெய்சல்மேருக்குக் கிடைப்பது 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. மலை இருந்தால் மட்டும் போதாது; அது எத்திசை நோக்கி நிற்கிறது என்பதிலும் ஒரு மக்களின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். மௌசின்ராமுக்கு அண்மையில் உள்ள சிரபுஞ்சியில், மழைமாதங்கள் கழிந்ததும் குடிநீர்த் தட்டுப்பாடு வருகிறது. மரமற்ற சரிவுகளில் நீர் நில்லாமல் கீழேயுள்ள சமவெளிக்கு ஓடிவிடுகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொன்னதை வெயிலுக்கு மட்டும் உரியதாகப் படித்திருந்தேன். பெருமழை பெய்யும் மண்ணிலும் பாலை உண்டு என்பதை இவ்வூர் எனக்குக் கற்பித்தது.

அடுத்துப் பொழுது. காளிதாசரின் மேகதூதத்தில் ஆஷாட மாதத்து முகில் ஒன்று இராமகிரியிலிருந்து புறப்பட்டு, விதிசை, உச்சயினி என்று ஊர் ஊராகக் கடந்து கயிலையை நோக்கி வடக்கே செல்கிறது. அது வெறுங்கற்பனை அன்று. பருவக்காற்று அம்மாதத்தில் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. தமிழகத்துக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குக் காற்றால் வருவது. நம் ஐப்பசி முகிலைக் கயிலைக்குத் தூது விட்டால் அது எதிர்த்திசையில் அல்லவா போகும்? பிற நாட்டு வசந்தத்தையும் பிற மண்ணின் முகிலையும் அப்படியே எடுத்தாளும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

மண்ணும் அப்படியே. தக்காணத்தின் கரிசல், 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பாறையிலிருந்து பிறந்தது. விதர்ப்பத்தின் பருத்தி அதில் விளைகிறது. கங்கைச் சமவெளியோ ஆறுகள் சுமந்துவந்து கொட்டிய வண்டல். கல் அரிதான வங்கத்தில், 17ஆம் நூற்றாண்டில் விஷ்ணுபூர் மன்னர்கள் சுட்ட மண்ணிலேயே சிற்பம் நிறைந்த கோயில்களை எழுப்பினர். இல்லாமைகூட அங்கே ஒரு கலையாயிற்று.

ஆட்சி எல்லைகளும் நிலத்தின் குரலைக் கேட்டிருக்கின்றன. 1956இல் மாநிலங்கள் பெரும்பாலும் மொழியால் பிரிந்தன. 2000ஆம் ஆண்டில் உத்தரகண்டும் சார்க்கண்டும் தோன்றியபோது எல்லைக்கு இருபுறமும் இந்தியே பரவலாக வழங்கியது. ஆயினும் சமவெளியிலிருந்து செலுத்தப்படும் ஆட்சிக்குத் தங்கள் இடர் தெரிவதில்லை என்பது மலைமக்களின் நெடுநாள் முறையீடு. 1973இல் சமோலி மாவட்டத்தில் மரங்களைக் காக்க எழுந்த சிப்கோ இயக்கமும் அந்த மலைகளில் பிறந்ததே.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆடிப்பெருக்கை நினைத்துப் பாருங்கள். ஆடி பதினெட்டில் தஞ்சைத் தரணியில் பெருமழை இல்லை. காவிரியில் பெருகிவரும் நீர் குடகு மலையிலும் கேரளத்து வயநாட்டிலும் பெய்தது. கபினி வயநாட்டில் பிறந்து காவிரியில் சேர்கிறாள். அந்நீரில் மலர் தூவும் நம் பெண்கள், தாம் காணாத மலையில் பெய்த மழையை அல்லவா வணங்குகிறார்கள்? அதே நீரைப் பங்கிட 1990இல் நடுவர் மன்றம் அமைக்க வேண்டியிருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. பங்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் சொல்லும். மேல்மடை உழவனின் அச்சத்தைக் கீழ்மடை உழவனுக்கும், இவனுடைய அச்சத்தை அவனுக்கும் சொல்ல வேண்டியவர் யார்? அது பாவலர் பணி என்றே கருதுகிறேன். குடகின் மழையையும் மாண்டியாவின் கரும்புவயலையும் அறியாமல் காவிரியைப் பற்றி நான் எழுதிய பாடல்களை இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டில் நம்மில் ஒவ்வொருவரும், தாம் பிறவாத பகுதி ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். அங்கே மழை எம்மாதம் வருகிறது, மண் எங்கிருந்து வந்தது, அதன் ஆறு யாருடைய வயலுக்குப் போகிறது என்று கேட்டறிந்த பின்னர் ஒரே ஒரு பாட்டு எழுதுவோம். நாட்டுப் பற்றுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

என்னிடம் அன்று வினவிய பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, நடுவில் ஊர்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றின் பெயரைத்தான் இன்று சொல்லியிருக்கிறேன். பாட்டு இனிமேல்தான் எழுத வேண்டும்.