மாப்பிள்ளை பேச வேண்டியது

(படப்பையில் நடந்த மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான்தான் வேண்டாம், கல்யாணத்துல மாப்பிள்ளை பேசறதப் பத்திப் பேசறேன்னு சொன்னேன். சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். வங்கியில் என் கவுன்டருக்கு வருகிறவர்கள் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பித் தரச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிற பையன்கள், "அண்ணே, அடுத்த வாரம் கல்யாணம், ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க" என்பார்கள். கவிதைப் புத்தகம் போட்டு எனக்குக் கிடைத்த வாசகர் வட்டம் இந்த மாப்பிள்ளைகள்தான். இதுவரை ஒன்பது பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்தாவது, என் கல்யாணத்துக்கு நானே எழுதிக்கொண்டது. அது ஒழுங்காகப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம்ம வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு வாய் கிடையாது. ஐயர் வைத்து நடக்கிற கல்யாணத்தில் மந்திரம் சொல்கிறவர் ஒருவர், அதற்குக் கட்டுப்படுகிறவர் வேறொருவர். நடுவில் இருக்கிற மொழி இரண்டு வீட்டாருக்கும் தெரியாது. சரி, அதை விட்டுவிட்டு வந்தோம். நம் இயக்க மேடையில் என்ன நடக்கிறது? பத்து மணிக்கு மாலை மாற்றுகிறார்கள். பன்னிரண்டரை வரைக்கும் வாழ்த்துரை. முதலில் பேசுகிறவர் உலகமயமாக்கல் பேசுவார். அடுத்தவர் வரப்போகிற தேர்தல். மூன்றாமவர் முதல் இரண்டு பேருக்கும் மறுப்பு. அந்தப் பக்கம் பிரியாணி ஆறுது. பொண்ணு பட்டுப்புடவையில ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிக்குது. கடைசியில், "இப்போது மணமகன் நன்றி கூறுவார்." அவன் சமையல்காரரிலிருந்து மைக்செட் அண்ணன் வரைக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்காருவான். மணமகள் பேசுவார் என்று அறிவித்த மேடையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆதிக்க சாதிக்காரன் கல்யாணத்தைச் சொல்லவில்லை தோழர்களே, நம்முடையதைத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் இந்த மரபில் நாம் பின்னால் வந்தவர்கள் இல்லை. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையில் பௌத்த சங்கம் தொடங்கியபோதே, பார்ப்பனப் புரோகிதர் இல்லாத வாழ்க்கைச் சடங்குகள் நம் மக்களிடம் பேச்சாகிவிட்டன. தாம்பரம் சானடோரியத்தில் சித்த மருத்துவமனைக்குப் போகிறீர்களே, அந்த மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்கள்? 1928-இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணம் அதற்கு முப்பது வருஷம் கழித்து. இரண்டும் நமக்கு வேண்டியதுதான், வரிசை தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், சுயமரியாதை முறையில் நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மேடையில் கைதட்டி நடந்த கல்யாணம் சட்டத்தின் கண்ணுக்குக் கல்யாணமே இல்லை என்றால், அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற இடம் இல்லை, பிள்ளைக்குச் சொத்தில் வழி இல்லை. அதைச் சரிசெய்யத்தான் 1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் வந்தது. 1968 ஜனவரி 20-இலிருந்து நடைமுறை. அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்றார்கள்.

அந்த 7-ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். புரோகிதர் வேண்டாம், நெருப்பு வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற ஒரு மொழியில், ஒவ்வொருவரும் மற்றவரைத் துணையாக ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அல்லது மாலை, மோதிரம் மாற்றலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். முதலில் வைத்திருப்பது பேச்சைத்தான். மாப்பிள்ளை பேசுகிற அந்த ஒரு வாக்கியமே கல்யாணமாகிவிடுகிறது. 'ஒவ்வொருவரும்' என்றால் பொண்ணும் பேசணும். நம் மேடைகள் சட்டத்தைவிடப் பின்தங்கிக் கிடக்கின்றன.

இதில் நமக்கு ஒரு உறுத்தல் உண்டு. இரண்டு 'இந்து'க்களுக்கு இடையே என்றுதான் அந்தப் பிரிவு ஆரம்பிக்கிறது. பௌத்தரையும் அந்தச் சொல்லுக்குள் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஒருவர் கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். சாதி கடந்து கட்டுகிறவனுக்கு முப்பது நாள் என்பது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி எரிந்தது ஒரு கல்யாணத்துக்காக. 2013 ஜூலையில் இளவரசன் தண்டவாளத்து ஓரம் கிடந்தார். 2016 மார்ச்சில் உடுமலை பேருந்து நிலையம் பக்கத்தில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். மேடையும் மைக்கும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வக்கீல் அறையில் நாலு பேர் முன்னால் ரகசியமாகக் கட்டினால் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. உயிருக்குப் பயந்து நிற்கிறவர்களை ஊரைக் கூட்டிச் சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, நண்பராக வந்து நிற்கிற வக்கீலும் சாட்சிதான். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பதிவு. 2009 சட்டப்படி 90 நாளுக்குள் செய்துவிடுங்கள், சோம்பல் வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன்.

என் இணையர் வேறு சாதி. அவர் வீட்டில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். மூன்று வாரம் எழுதினேன், நாலு பக்கம். எழுதி முடித்து அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கப்பா வரலன்னு நாலு எடத்துல எழுதியிருக்க. அவரு வராதது இருக்கு. நான் வந்தது எங்க இருக்கு?"

எனக்குப் பதில் இல்லை. ஒன்பது மாப்பிள்ளைகளுக்கு எழுதியபோதும் இதைத்தான் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பொண்ணோட அப்பனைப் பார்த்துப் பேசுகிற பேச்சு அது. அவரும் பேசுவார் என்று முடிவு செய்தோம். நான் நாலு பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன்.

அந்த ஒரு பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நான் படப்பையில் காலனியில் பிறந்தவன், சித்தாளாகச் சிமெண்ட் கலந்த கையால் அம்மா என்னைப் படிக்க வைத்தாள், நான் பறையர் வீட்டுப் பிள்ளை, இதை அறிந்துதான் இவர் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று. வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்க்கும்போது அம்மா கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

கல்யாணம் வாலாஜாபாத் சாலையில் ஒரு மண்டபத்தில். ஒரகடம் போகிற கன்டெய்னர் லாரி ஒவ்வொன்று போகும்போதும் பேச்சை நிறுத்த வேண்டும். முன்வரிசையில் என் கிளைக்காரர்கள். ஆறு வருஷம் அவர்களோடு சாப்பிட்டிருக்கிறேன். "படப்பையில எங்க?" என்று கேட்டால் "பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம்" என்று சொல்லி வந்திருக்கிறேன். பத்திரிகையிலும் ஊர்ப் பெயர் மட்டும்தான் போட்டேன். கவிதையில் எழுதுவேன், மேடையில் முழங்குவேன், சாப்பாட்டு மேசையில் பஸ் நிறுத்தம்.

மைக்கைப் பிடித்தேன். காகிதம் ஆடியது. அந்த வரி வந்தது. கண்ணு அதத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிடுச்சு. லாரி எதுவும் போகவில்லை, மைக் கோளாறு இல்லை. நான்தான் தாண்டினேன். யாருக்கும் தெரியவில்லை, நன்றாகக் கைதட்டினார்கள்.

அடுத்து அவர் பேசினார். கையில் காகிதம் இல்லை. இவரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்றார். "எங்க வீட்ல யாரும் வரல, எங்க அத்தை மட்டும் வந்திருக்காங்க, ராத்திரி வீட்டுக்குப் போய் அவங்க என்ன பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியும். அத்தை, உங்களுக்கு நன்றி" என்றார். அவ்வளவுதான். கடைசி வரிசையில் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

1936-இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்கு அம்பேத்கர் தலைமையுரை எழுதினார். அதைப் பார்த்துப் பயந்து சிலவற்றை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடு நின்றது. பேசாத அந்தப் பேச்சை அவரே செலவு செய்து அச்சிட்டார். சாதிக்கு மருந்து கலப்புமணம்தான் என்று சொல்கிற நூல் அது. 1948 ஏப்ரல் 15-இல் அவரே தில்லியில் டாக்டர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 'சாதி ஒழிப்பு'க்கு நான் வாசகர் வட்டம் நடத்தியவன். என்னிடம் யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. அழைத்தவனும் நானே, வெட்டியவனும் நானே.

ராத்திரி மொய்க் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டது: "சிமெண்ட் கலந்தத எழுதியிருந்தியே, அது ஏன்டா வரல?"

"மறந்துட்டேம்மா."

"மறந்துட்டியா" என்றது. அப்புறம் அடுத்த கவரைப் பிரித்தது.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களில் 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் எனக்கு நான் நீக்கியதுதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றில்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் எழுதித் தரச் சொல்லி வருகிற தம்பிகளிடம், பொண்ணையும் கூட்டிட்டு வா என்கிறேன். உட்கார்ந்ததும், "எதச் சொல்ல வேணாம்னு நெனைக்கிற?" என்று கேட்கிறேன். அங்கிருந்துதான் எழுத ஆரம்பிக்கிறோம். சிலர் திரும்பி வருவதில்லை. ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிற ஒரு பையன் நாளை சாயங்காலம் வருகிறான், பொண்ணும் வருதாம்.

கிளையில் இன்னும் நான் சொல்லவில்லை. இந்தப் பேச்சை இதழில் போடப்போவதாகத் தோழர்கள் சொன்னார்கள். பேரோடு போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.