ரெட்டுக்கு ஃபாலோ



நம்ம வடசென்னையில் கேரம் மன்றம் இல்லாத பேட்டை ஏது? சின்ன வயசுல திருவொற்றியூர்ல மன்றத்து வாசல்ல நின்னு பார்ப்பேன். "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை"ன்னு விரட்டுவாங்க.

2008-ல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனவர் வியாசர்பாடி இளவழகி. 2024-ல் அமெரிக்காவில் 3 தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள்.

என் பேத்தி கேட்டப்போ நானும் "வேணாம்"னுதான் வாயெடுத்தேன். அப்புறம் நானே கூட்டிட்டுப் போனேன்.

ரெட்டைப் போட்டா மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே ஃபாலோ போடணும். இல்லேன்னா ரெட் திரும்பப் பலகைக்கே வந்துடும். மகளை மன்றத்துல சேர்க்கிறது ரெட். வயசுக்கு வந்த பிறகும் நிறுத்தாம அனுப்புறதுதான் ஃபாலோ.