சருகினிலும் ஓர் எழில்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பூவைப் படமெடுத்தால் போற்றுவோர் பலர். சருகைப் படமெடுத்தால் நகைப்போரும் பலர். அந்நகைப்பு நியாயமானதா என்பதையே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகின்றேன்.

முற்றத்தில் வீழ்ந்து கிடக்கும் பலாவிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பச்சையாயிருந்த இலைக்கு மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது? அது நெடுநாளாக உள்ளேயே இருந்தது. பச்சையம் அதனை மறைத்திருந்தது. மூப்பினால் பச்சையம் சிதையவே, மறைந்திருந்த நிறம் வெளிப்படுகின்றது. அதுமட்டுமன்று, உதிருமுன்னர் இலையானது தன்னிடமுள்ள நைதரசன் முதலிய சத்துக்களில் பெரும்பங்கைத் தாய்மரத்துக்கே திருப்பி அளித்துவிடுகின்றது. கொடுத்த பின்னரே காம்பு கழல்கின்றது.

நிலத்தில் வீழ்ந்ததும் பங்கசும் பற்றீரியாவும் வேலையைத் தொடங்குகின்றன. மென்மையான பகுதி முதலில் உக்குகின்றது. நரம்புகளில் இலிக்னின் என்னும் உறுதிப்பொருள் செறிந்திருப்பதால் அவை பிந்தியே அழிகின்றன. இதனாலேயே ஈரநிலத்திற் கிடந்த அரசிலை, நாளடைவில் நுண்ணிய நரம்புவலையாகி நிற்கின்றது.

அவ்வலையின் முழு அழகையும் வெறுங்கண் காண்பதில்லை. அண்மைப்படத்துக்குரிய வில்லை, பொருளை அதன் உண்மைப் பருமனிலேயே பதிக்க வல்லது. 35 மில்லிமீற்றர் கமராவின் படச்சட்டம் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. எனவே தபால் முத்திரையளவான இலைத்துண்டே படம் முழுவதையும் நிரப்பிவிடும்.

ஜேர்மனியில் வாழ்ந்த கார்ல் புளொஸ்பெல்ட் (1865–1932) என்னும் கலையாசிரியர், செடிகொடிகளின் உறுப்புகளைப் பன்மடங்கு பெருப்பித்துப் படமெடுத்தார். முப்பதாண்டு உழைப்பின் பின், 1928இல் அவை நூலாக வெளிவந்து புகழ்பெற்றபோது, அவர் அறுபதைக் கடந்திருந்தார். பொறுமையே இக்கலையின் முதற்பாடம்.

இளைஞர்களே, காலை வெயில் சருகின் பின்புறமிருந்து வரும்படி செய்யுங்கள், நரம்புகள் துலங்கும். இத்துணை அண்மையில் தெளிவாகப் பதியும் ஆழம் ஓரிரு மில்லிமீற்றரே. ஆதலால் கமராவை முக்காலியில் நிறுத்தி, இலைக்குச் சமாந்தரமாக வைத்து, வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்குங்கள். கமரா இல்லாதோர் கைத்தொலைபேசியில் சிறு அண்மைவில்லை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

இதனால் ஊருக்கு என்ன பயன் என்று பெரியோர் வினவலாம். வளவிலுள்ள சருகைக் கூட்டித் தீயிடும் பழக்கம் நம்மிடையே மலிந்துள்ளது. தீயிட்டால் எஞ்சிய நைதரசனிற் பெரும்பகுதி புகையோடு போய்விடும். உக்கவிட்டால் மண்ணுக்கு மீளும். பூவரசங்குழையைத் தோட்டத்திற் புதைத்துப் பயிர் வளர்த்த யாழ்ப்பாணத்து உழவர்கள் இதன் அருமையை அறிந்திருந்தனர். கண் அழகு காணாத பொருளைக் கை எளிதில் எரித்துவிடும். கண்டுகொண்டால், தீப்பெட்டியை எடுக்கச் சற்றுத் தயங்கும்.

ஆகவே பெரியோர்களே, சருகுக் குவியலருகே முழந்தாளிட்டிருக்கும் பிள்ளையைக் கண்டால், வேலையற்றவன் என்று கடிந்துவிடாதீர்கள். இளைஞர்களே, படமெடுத்தபின் அச்சருகை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதற்கு இன்னும் வேலை இருக்கின்றது.