மஞ்சள் கட்டம்

வடபழனியில் நூறடி சாலையும் ஆற்காடு சாலையும் சேரும் இடத்தில், சாயங்கால நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சிக்னலில் பச்சை எரியும். எதிர்ப்பக்கம் வண்டிகள் நகராமல் நிற்கும். ஆனாலும், "பச்சைதானே!" என்று ஒரு கார் நடுவில் போய் நிற்கும். அதன் வாலில் ஒரு ஆட்டோ. இடுக்கில் நாலு பைக். அதற்குள் சிவப்பு விழுந்துவிடும். இப்போது குறுக்குச் சாலைக்குப் பச்சை. ஆனால் வழி இல்லை. அரை நிமிஷத்தில் நான்கு பக்கமும் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதைத் தடுக்கத்தான் சந்திப்பின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடு போட்டுக் கட்டம் வரைகிறார்கள். பிரிட்டனில் 1967ல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. விதி ரொம்ப எளிது: அந்தப் பக்கம் உங்கள் வண்டிக்கு இடம் இருந்தால் மட்டும் கட்டத்துக்குள் நுழையுங்கள். பச்சை எரிந்தாலும் சரி, பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தாலும் சரி, கோட்டுக்கு இப்பாலேயே நில்லுங்கள். அந்த ஹாரனுக்குப் பயந்து நகர்கிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆனால் கட்டம் அடைத்துக்கொண்ட பிறகு, வழிவிட நினைக்கிறவராலும் ஒதுங்க முடியாது. உள்ளே ஒரு தாய் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருப்பாள். சைரன் அலறிக்கொண்டே இருக்கும்.